காலால் பிறந்தவள்

சிவமயம்

குப்பிழான்
18.1.1962

அன்பு மகன் பஞ்சலிங்கத்துக்கு ஐயா எழுதுவது.

பொங்கலுக்கு நீ வருவாய் என்று உன் அம்மா முற்றம் நிறையக் கோலம் போட்டு வைத்திருந்தாள். வந்தது நீ அல்ல, தந்தி. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லத் தந்தியா அடிப்பார்கள்? தந்திக்காரனின் சைக்கிளைக் கண்டதும் அவள் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். இனிமேல் இப்படிப்பட்ட சங்கதிக்குத் தபாலட்டை போதும். றெயில்வேயில் வேலை, இலவசப் பயணத்துக்கு வாறன்ட் உண்டு, ஆனால் ஊருக்கு வர மட்டும் உனக்கு வழியில்லை. நாவலப்பிட்டி என்ன கடல் கடந்தா இருக்கிறது என்று கேட்கிறாள். அதற்குப் பதில் நீதான் சொல்லவேண்டும்.

தோட்டம் பரவாயில்லை. புகையிலைக் கன்று முழங்காலைத் தொடுகிறது. வெங்காயம் இந்த முறை வைக்கவில்லை, யார் குனிவது? தங்கச்சி இராசமலருக்கு உரும்பிராயில் ஒரு சம்பந்தம் பேசி வருகிறது. மாமன் சோமசேகரம்தான் கொண்டுவந்தார். பெடியன் சங்கக்கடையில் மனேச்சர், நல்ல குணம் என்கிறார்கள். சாதகமும் பொருந்தியிருக்கிறது. ஆவணியில் செய்யலாம் என்று இரு பகுதியும் கதைத்திருக்கிறோம்.

உன் பெண்சாதி பூரணம் சுகமாக இருக்கிறாள். மீசாலையில் அவளுடைய சீதன வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை. ஏறும்வரை இங்கேதான் என்று நாங்கள் முன்பு பேசிக்கொண்டபடியே இருக்கட்டும். வந்த வீட்டுக்கு விளக்குப் போல நடந்துகொள்கிறாள். உனக்கு அவள் தனியாக எழுதுவாள் என்பதால் நான் அதிகம் எழுதவில்லை.

இனி என் நாரியின் கதை. உன் கந்தோரில் இருப்பவர்கள் அதை இடுப்பு என்பார்கள். நமக்கு அது நாரிதான். இந்த ஊரில் நாரி நோகாதவன் தோட்டக்காரன் இல்லை. துலா மிதிக்கிறவனுக்கு முழங்கால் போகும். கிணற்றுக் கட்டில் நின்று பட்டை பிடித்துத் தண்ணீர் சரிக்கிறவனுக்கு நாரி போகும். வெங்காயம் நடுகிற பெண்களுக்கு நாரியும் கழுத்தும் சேர்ந்து போகும். ஐம்பது வயதுக்கு மேல் நம் ஒழுங்கையில் நிமிர்ந்து நடக்கிறவர் விதானையார் ஒருவர்தான். அவர் மண்வெட்டியைத் தொட்டதில்லை.

எனக்கும் இருபது வயதிலிருந்தே அது பழகின விருந்தாளி. வரும், இரண்டு நாள் தங்கும், நொச்சியிலை ஒத்தடம் கொடுத்தால் போய்விடும். ஆனால் போன ஆவணியில் வந்தது போகவில்லை. முன்பெல்லாம் படுத்தால் சுகம். இப்போது படுத்தாலும் நோகிறது. கீழ்முதுகில் ஓர் இடத்தில் விரல் வைத்தால் முள்ளந்தண்டு விரல்மொழி போலப் புடைத்து நிற்கிறது. ஆழ்வாப்பிள்ளைப் பரியாரியார் தடவிப் பார்த்து, வாயு திரண்டு நிற்கிறது என்று எண்ணெய் தந்தார். அந்த எண்ணெயின் மணத்துக்கு நாய்கூட என் பக்கம் வருவதில்லை.

பின்னேரமானால் உடம்பு கொஞ்சம் காய்கிறது, குளிர்கிறது. பனிக்காலம் என்றாள் உன் அம்மா. சேட்டுகள் எல்லாம் தொளதொளக்கின்றன. உடுப்பு வெளுக்கிற கட்டாடி வேறு யாருடையதையோ மாற்றிக் கொண்டுவந்துவிட்டார் என்று அவரோடு சண்டைக்கே போய்விட்டாள். அந்த மனிதர் கழுத்துப்பட்டியில் இருந்த நம் குறியைக் காட்டியபிறகுதான் ஓய்ந்தாள்.

இப்போது அவளுக்குப் புதிதாக ஒரு யோசனை. பூரணம் காலால் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். தலை வராமல் கால் முதலில் வந்து பிறந்த பிள்ளை நாரியில் ஏறி உழக்கினால் நாரிப்பிடிப்பு விட்டுப்போகும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. கலியாணம் பேசும்போதே உன் அம்மா அதை விசாரித்து மகிழ்ந்தவள். வந்த நாளிலிருந்து, எங்கடை மருமகள் காலாலை பிறந்தவள் என்று கிணற்றடியெல்லாம் சொல்லி, நாரி பிடித்த பெண்கள் வாசலில் வந்து நிற்கும் அளவுக்கு ஆக்கிவிட்டாள். பூரணத்துக்கு அது பிடிக்காது. ஆனாலும் பெரியவர்கள் கேட்டால் மறுக்கமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, பூவில் மிதிக்கிற மாதிரி மூன்று தரம் உழக்கிவிட்டு ஓடிவிடுவாள். அவர்களும் சுகம் என்று போவார்கள்.

எனக்கு மனம் இல்லை. மாமனின் முதுகில் மருமகள் கால் வைப்பதா? அவளும் அழுதே விட்டாள். "மாமாவுக்கு மாட்டன் மாமி, வேறை ஆருக்கெண்டாலும் செய்யிறன்" என்று குசினிக்குள் போய் இருந்துவிட்டாள். உன் அம்மா விடுவாளா? வருத்தத்துக்கு முறை இல்லை, மருந்துக்கும் முறை இல்லை என்று ஒரு நாள் முழுக்கப் பிரசங்கம். இன்றைக்கு நானே பூரணத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன்: பிள்ளை, புகையிலைக்குத் தண்ணீர் கட்ட எனக்கு நாரி வேண்டும், நீ உழக்கு, பாவம் ஒன்றும் வராது என்று. அவள் என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சரி என்றாள்.

நாளை வெள்ளிக்கிழமை. காலையில் நல்ல நேரம் பார்த்திருக்கிறார்கள். அடுத்த கடிதத்தைக் கதிரையில் நிமிர்ந்திருந்து எழுதுவேன். உடம்பைப் பார்த்துக்கொள். மலைக்குளிரில் காதை மூடு.

என்றும் உன் நலம் வேண்டும்,
ஐயா
க. கதிரவேலு


சிவமயம்

யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி
14.3.1962

மகன் பஞ்சலிங்கத்துக்கு.

பென்சிலால் எழுதுகிறேன் என்று குறை நினைக்காதே. மல்லாந்து கிடந்து எழுதினால் பேனையில் மை இறங்காது. பக்கத்துக் கட்டிலில் கொழும்புத்துறைக்காரர் ஒருவர் கிடக்கிறார், பெயர் நீக்கிலாப்பிள்ளை. தோணியில் வழுக்கி விழுந்தவர். பென்சில் அவருடையது.

நடந்ததை உன் அம்மா எழுதியிருப்பாள். அவள் எழுதுவித்தது எப்படியோ, நான் என் வாயால் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை பூரணம் மூன்று தரம் உழக்கினாள். மூன்றாவது தரம் எனக்குள்ளே காய்ந்த பனையோலை மடங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிடிப்பு விட்டிட்டுது என்று உன் அம்மா கைதட்டினாள். நானும் எழுந்து கிணற்றடிவரை போய்வந்தேன். பிறகு சில நாளில் பாதம் விறைக்கத் தொடங்கியது. செருப்புக் கழன்று போனதுகூடத் தெரியாமல் வரம்பில் நடந்திருக்கிறேன். மாசி பிறக்கும்போது இரண்டு காலும் போய்விட்டன. சிறுநீருக்கும் குழாய் போட்டிருக்கிறார்கள். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீ மகன், உனக்குத் தெரியவேண்டும்.

எக்ஸ்றே படம் பிடித்தார்கள். டொக்டர் உன் மாமனோடு வெளியே நின்று நெடுநேரம் கதைத்தார். என்ன என்று கேட்டால், எலும்பு விலகியிருக்கிறது, ஊசி போட்டுப் பலகையில் கிடந்தால் பொருந்தும் என்று மாமன் சொல்கிறார். பள்ளிக்கூடம் நடத்தின மனிதர், சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஊசி. இருக்கிற சதையில் அவர்களுக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ தெரியவில்லை.

பூரணம்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசை. பொய் எழுதமாட்டேன். காலில் ஈ இருந்தாலும் தெரியாமல் கிடக்கும்போது, அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் காதில் கேட்கிறது. போன கிழமை அவள் கஞ்சி கொண்டுவந்தாள். நான் மற்றப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நீக்கிலாப்பிள்ளை பார்த்துக்கொண்டு கிடந்தார். "அண்ணை, கஞ்சி என்ன பாவம் செய்தது?" என்று மட்டும் கேட்டார்.

நீ அவளுக்குக் கடிதம் போடுவதில்லை என்று இராசமலர் சொன்னாள். அது சரியில்லை. கோபம் எனக்குரியது, கால் என்னுடையது. நீ எழுது.

புகையிலை இந்த மாதம் வெட்டவேண்டும். கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறார்கள். நல்லபடி முடியட்டும். எல்லாவற்றுக்கும் சந்நிதி முருகன் இருக்கிறான்.

ஐயா


சிவமயம்

குப்பிழான்
20.6.1962

அன்பு மகன் பஞ்சலிங்கத்துக்கு ஐயா எழுதுவது.

இந்தக் கடிதத்தைத் தனியாக இருந்து வாசி. வாசித்து முடிக்கும்வரை எழும்பாதே.

என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒன்றரை மாதமாகிறது. நெஞ்சிலிருந்து நாரிவரை சுண்ணாம்பில் ஒரு சட்டை வார்த்துவிட்டார்கள். அறையில் நிலத்தோடு ஒரு பலகை, அதுதான் என் ஊர். ஊசி போட அப்போதிக்கரி சைக்கிளில் வருகிறார். கேட்கிறவர்களுக்கு அது வாயு ஊசி என்று சொல்லப்படுகிறது. இரண்டு மணிக்கொரு தரம் என்னைப் புரட்டவேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். உன் அம்மாவுக்குப் பலம் இல்லை. இராசமலரைத் தகப்பன் உடம்பு தொட்டுக் கழுவ விட எனக்கு மனமில்லை. ஆகவே புரட்டுவது, கழுவுவது, குழாயில் வடிந்ததைக் கொண்டுபோய் ஊற்றுவது எல்லாம் பூரணம். நான் முகத்தைத் திருப்பின அதே பூரணம்.

நிலத்தோடு கிடக்கிறவனுக்கு மனிதரின் முகம் கடைசியில்தான் தெரியும். முதலில் வருவது கால். இப்போது எனக்கு எல்லாரையும் காலால் தெரியும். உன் அம்மாவின் குதிக்கால் கோடை வயல் மாதிரி வெடித்திருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் கவனித்ததில்லை. பூரணத்தின் பாதம் சின்னது. இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம், அப்படியிருந்தால் புருஷனை ஆட்டிவைப்பாள் என்பார்கள். நீ தப்பிவிட்டாய் என்று நினைத்துச் சிரித்தும் இருக்கிறேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய வலது காலில் துணி சுற்றியிருந்தது. வருடப்பிறப்புக் கழிந்து கஞ்சிப்பானை சரிந்து கொதிதண்ணீர் ஊற்றுப்பட்டது என்றார்கள். அவளும் அப்படித்தான் சொன்னாள். கொதிதண்ணீர்ப் புண் ஆறுவதற்கு இவ்வளவு காலமா என்று நினைத்தேன், வாழையிலை கட்டச் சொன்னேன். போன கிழமை ஒரு காலை, என்னைப் புரட்டிவிட்டு, தண்ணீர்ப் பேசினை எடுக்க அந்தப்பக்கம் திரும்பி முழங்காலில் இருந்தாள். துணி நெகிழ்ந்திருந்தது. உள்ளங்கால் என் முகத்துக்கு நேரே இருந்தது.

கொதிதண்ணீர் மேலிருந்து விழும். புறங்காலைத்தான் அவிக்கும். இவளுக்குப் புறங்காலில் ஒரு கொப்புளமும் இல்லை. உள்ளங்கால் முழுவதும், குதியிலிருந்து விரல்வரை, தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

நான் அவளிடம் கேட்கவில்லை. பின்னேரம் இராசமலரைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றும் தெரியாது என்றாள். நான் விடவில்லை. பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு நிலத்தில் இருந்து அழுதழுது எல்லாவற்றையும் சொன்னாள்.

சித்திரையில் நீ அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினாய். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்பது உனக்குத் தெரியும். இராசமலர்தான் வாசித்தாள். பூரணத்தைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டிருக்கலாம். அந்தக் கால் இனி என் வீட்டுப் படியில் படக்கூடாது என்றும் எழுதியிருந்தாய். குசினிக்கும் அறைக்கும் நடுவே இருப்பது ஒரு தட்டிதான், மகன். அன்று மத்தியானம் பூரணம் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக் காயவிட்டு, வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாளாம். இராசமலர் ஓடிப்போய்த் தள்ளியிருக்காவிட்டால் எடுத்திருக்கமாட்டாளாம். சத்தமே போடவில்லையாம். "இந்தக் காலைத்தானே மச்சாள் எல்லாரும் சொல்லுகினம்" என்று மட்டும் சொன்னாளாம்.

இன்னும் இருக்கிறது, வாசி.

என் நாரியில் இருந்தது பிடிப்பு அல்ல. வாயுவும் அல்ல. முள்ளந்தண்டில் சயம். நெஞ்சில் வருகிற அதே சயரோகம் எலும்பிலும் வருமாம். டொக்டர் படத்தைப் பார்த்த அன்றே உன் மாமனிடம் சொல்லிவிட்டார். மாமன் உன் அம்மாவிடம் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து அதை எனக்கும் உனக்கும் ஊருக்கும் மறைத்துவிட்டார்கள். இதையும் அன்று இராசமலர்தான் உடைத்தாள், கூப்பிட்டுக் கேட்டபோது மாமனும் ஒப்புக்கொண்டார். காரணம் உனக்கு விளங்கும். சயம் உள்ள வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? ஆவணியில் இராசமலரின் கலியாணம். மருமகள் உழக்கி மாமனாருக்குக் கால் போனது என்றால் ஊர் வாயில் பழி மருமகளோடு நிற்கும். சயம் என்றால் பழி வீட்டுக்கே வரும்.

ஊர்ப்பழி மருமகளோடு நன்றாகத்தான் நின்றது. சுன்னாகம் சந்தைக்குப் போன பூரணத்தை 'உழக்கி' என்று பட்டம் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்பு நாரியைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற அதே பெண்கள்தான். அதன்பிறகு அவள் படலையைத் தாண்டவில்லை.

உன் அம்மாவைக் கெட்டவள் என்று நினைக்காதே. நான் கோபத்தில் கத்தினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று சொன்னாள்: "நாரி பிடிச்ச வீட்டிலை பொம்பிளை எடுப்பினம். சயம் பிடிச்ச வீட்டிலை தண்ணியும் குடிக்க மாட்டினம். நான் பெத்ததைப் பாக்கவோ, வந்ததைப் பாக்கவோ?" பதில் சொன்னது இராசமலர். "ஒருத்தியைச் சுட்டுப்போட்டு எனக்குத் தாலி வேண்டாம்" என்றாள். தாயும் மகளும் அதற்குப் பிறகு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

மாமன் சொன்னதையும் மகள் சொன்னதையும் வைத்து நான் நம்பவில்லை. போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் காரில் தூக்கிக்கொண்டு போனபோது டொக்டரிடம் நானே கேட்டேன். மறைக்காதேங்கோ, கிடக்கிறது நான்தான் என்றேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கோர்த்த மணிமாலையில் இரண்டு மணி நசுங்கிக் கிடந்தது. இது ஒரு வருடத்துக்கு மேலாக அரித்து வந்தது என்றார். பின்னேரக் காய்ச்சல், உடம்பு வற்றியது, படுத்தாலும் நின்ற நோ, புடைத்த எலும்பு எல்லாம் அதன் அடையாளமாம். நான் எல்லாவற்றையும் உனக்குத் தை மாதமே எழுதியிருக்கிறேன், பகிடியாக.

அவள் உழக்கியிராவிட்டால் எனக்குக் கால் இருந்திருக்குமா என்று கேட்டேன். நல்ல மனிதர், எனக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை. "உழக்கினது பிழைதான், ஐயா. எந்த முதுகையும் என்ன வருத்தம் எண்டு பாக்காமல் உழக்கக்கூடாது. ஆனா இந்த எலும்பு நீங்கள் ஒரு வாளி தண்ணி தூக்கினாலும் நொருங்கியிருக்கும், தும்மினாலும் நொருங்கியிருக்கும்" என்றார். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து காகத்தின் காலைச் சுட்டுவிட்டோம்.

இதில் எனக்குத் தாங்கமுடியாதது ஒன்று உண்டு. நோகிற இடம் நாரி என்பதால் வருத்தத்தின் பெயரும் நாரிப்பிடிப்பு என்று நாங்கள் முடிவு கட்டினோம். பட்டை பிடித்த நாரிக்கும் குனிந்து நட்ட நாரிக்கும் இதற்கும் ஒரே பெயர். முதல் மாதமே ஒரு படம் பிடித்திருந்தால் நான் இன்று கிணற்றுக் கட்டில் நிற்பேன். ஊரில் சயம் என்ற சொல்லுக்கு அவ்வளவு பயம். ஆகவே அது வந்தால் அதற்கு வேறு பெயர் வைத்துத் தின்னக் கொடுத்து வளர்க்கிறோம்.

சனிக்கிழமை உரும்பிராய்ச் சம்பந்தியை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். உன் அம்மாவுக்கும் மாமனுக்கும் சொல்லவில்லை. வந்தார். பலகைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, எனக்கு இருப்பது இதுதான், ஊசி போடுகிறார்கள், பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் நெஞ்சுப் படம் பிடிக்கப்போகிறோம், உங்கள் விருப்பம் என்று சொன்னேன். மருமகளின் காலில் ஒரு பிழையும் இல்லை என்பதையும் சொன்னேன், நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்றும் கேட்டேன். அவர் மரியாதையான மனிதர். கொடுத்த தேத்தண்ணீரைக் கையில் வைத்திருந்துவிட்டுக் குடிக்காமல் கீழே வைத்தார். யோசித்துச் சொல்கிறோம் என்றார். இன்றுவரை பதில் இல்லை. வரும் என்று நான் நினைக்கவுமில்லை.

அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். இராசமலர் வழக்கம்போலத் திரிகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் கலியாணத்துக்கென்று தைக்கத் தொடங்கின தலையணை உறை பாதியில் கிடக்கிறது. என் பெண்ணின் வாழ்வை நானே கெடுத்தேனோ என்று நினைக்காத பொழுதில்லை. நினைத்துவிட்டுப் பூரணம் நொண்டி வருகிற சத்தத்தைக் கேட்பேன். இரண்டு பிள்ளையில் ஒரு பிள்ளையின் பழியில் மற்றப் பிள்ளையை வாழவைக்க என்னால் ஆகாது. நீ என்ன சொல்வாயோ தெரியாது.

என் கால் திரும்புமா என்று கேட்பாய். இடது பெருவிரலில் ஒரு கூச்சம் தெரிகிறது. டொக்டர் நல்ல சகுனம் என்கிறார், நடப்பேன் என்று மட்டும் சொல்ல மறுக்கிறார். இந்தச் சட்டை இன்னும் பல மாதம். நீயும் அங்கே ஒரு நெஞ்சுப் படம் பிடி. பொங்கலுக்கு வராதது ஒருவகையில் நல்லதாகிவிட்டது என்று நினைத்தேன். பூரணத்துக்கும் பிடித்துப் பார்க்கவேண்டும், என் எச்சில் கோப்பை கழுவுகிறவள் அவள்தான். கிட்ட வராதே பிள்ளை என்றால் கேட்கிறாள் இல்லை.

இப்போது நான் உன்னிடம் கேட்பது. பூரணத்தின் தமையன் மீசாலையிலிருந்து ஆனி உத்தரம் கழிய வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நீ போகச் சொன்னபடிதான். அங்கே அவளுடைய சீதன வீட்டுக்கு இன்னும் கூரைகூட இல்லை. ட்ரங்குப் பெட்டி கட்டிலடியில் தயாராக இருக்கிறது, இங்கிருந்து பார்த்தால் எனக்குத் தெரிகிறது. நான் மறித்தால் அவள் நிற்பாள். ஆனால் நான் மறித்து நிற்பதில் என்ன இருக்கிறது? படியில் படக்கூடாது என்று சொன்னவன் நீ. படியில் நின்று கூப்பிடவேண்டியவனும் நீ.

கடிதம் போடாதே. தந்தியும் அடிக்காதே. வா.

வரும்போது கண்டியில் இறங்கி ஒரு சோடிச் செருப்பு வாங்கி வா. றப்பர் வேண்டாம், உள்ளே மெதுவான தோல் வைத்தது. அவள் செருப்புப் போட்டுப் பழகாதவள். ஆனால் அந்த உள்ளங்கால் இனி இந்தச் செம்மண்ணின் சூட்டைத் தாங்காது. கடிதத்துக்குள் ஓர் ஈர்க்குத் துண்டு வைத்திருக்கிறேன், அவளுடைய பாதத்தின் அளவுக்கு முறித்தது. நேற்று அவள் என்னைப் புரட்டிவிட்டு எழும்பும்போது, நான் கையை நீட்டிக் காலைப் பிடித்து அளந்தேன். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "தொடாதேங்கோ மாமா, பாவம்" என்று அழுதாள். வருகிற பாவம் எனக்கு வரட்டும் பிள்ளை, அசையாமல் நில் என்றேன். நின்றாள்.

அளந்தது இடது கால். வலது காலைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குத் துணி சுற்றவேண்டும், ஆகவே சற்றுப் பெரிதாகப் பார். வலது காலுக்கு நீ போட்டுவிடு.

நீ நெடுங்காலம் நல்லாயிருக்கவேண்டும், மகன். உன் வீட்டுப் படியில் அந்தக் கால் படவேண்டும்.

உன் வரவைப் பார்த்து, வாசற்பக்கம் தலையைத் திருப்பி வைக்கச் சொல்லிக் கிடக்கும்,
ஐயா
க. கதிரவேலு